கேள்வி பதில்: சபையில் ஒருவர், வீட்டில் ஒருவர்

கேள்வி: 19 ஆண்டுகளுக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். அதிகாலை ஜெபத்தையும் வேதவாசிப்பையும் விட்டதில்லை. ஓய்வுநாள் பள்ளியில் பாடமும் நடத்துகிறேன். ஆனால் வீட்டில் என் கோபம் மட்டும் மாறவில்லை. சென்ற மாதம் என் மகள், "அம்மா சபையில் ஒருவர், வீட்டில் வேறொருவர்" என்று சொல்லிவிட்டாள். என் இரட்சிப்பே பொய்யோ என்று கலங்குகிறேன். உபவாச நாட்களைக் கூட்டினால் சரியாகும் என்கிறார்கள். கூட்டட்டுமா?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: சகோதரி, உங்கள் மகள் சொன்னதையே பவுல் ரோமர் 12:2இல் சொல்லியிருக்கிறார். "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" என்று தொடங்கி, "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்று முடிக்கிறார். வேஷம் வெளியே அணிவது, ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளக்கூடியது. மறுரூபம் என்பதற்கு மூலமொழியில் உள்ள சொல்லோ, இயேசு மலையின்மேல் மறுரூபமானார் என்று மத்தேயு எழுதும் அதே சொல். 2 கொரிந்தியர் 3:18இலும் அச்சொல் வருகிறது. அங்கே "மறுரூபப்படுகிறோம்" என்று நிகழ்காலத்தில், நமக்குள் இன்னொருவர் செய்துவரும், இன்னும் முடியாத வேலையாக அது நிற்கிறது. ஆகவே வேலை முடியவில்லை என்பதால் அது தொடங்கவே இல்லை என்று நீங்கள் முடிவுகட்ட வேண்டியதில்லை.

எனினும் இதை ஆறுதலாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டன் 1748இல் அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கியபோது கடவுளை நோக்கிக் கூப்பிட்டார். தம் வாழ்வின் திருப்பம் அதுவே என்று கடைசிவரை நினைவுகூர்ந்தார். ஆனால் 1750 முதல் 1754 வரை, வேதத்தை வாசித்துக்கொண்டும் ஜெபித்துக்கொண்டும், அடிமைக் கப்பல்களின் தலைவராகவே அவர் பயணம் செய்தார். அவர் கடலை விட்டதுகூட மனச்சாட்சியின் உறுத்தலால் அல்ல, உடல்நலம் கெட்டதால். பின்பு போதகராகி, அடிமை வணிகத்தில் தமக்கிருந்த பங்கை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு அதை எதிர்த்து அவர் சிறுநூல் வெளியிட்டபோது ஆண்டு 1788. ஜெப அறைக்குள் வந்த வெளிச்சம் தொழிலுக்குள் வர 40 ஆண்டுகள் ஆயின. நியூட்டனின் விசுவாசம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் கப்பலின் அடித்தட்டில் விலங்கிடப்பட்டுக் கிடந்தவர்கள். உங்கள் வீட்டில் அந்த விலையைக் கொடுப்பவள் உங்கள் மகள்.

உபவாசத்தைக் கூட்டுவதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே வெளிச்சமுள்ள அறையிலேயே இன்னொரு விளக்கை ஏற்றுவதுபோல் அது ஆகிவிடலாம் என்று அஞ்சுகிறேன். (பட்டினியிருக்கும் நாளில் நம்மில் பலருக்குக் கோபம் கூடுகிறது என்பதையும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.) "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்கிறார் யாக்கோபு. 19 ஆண்டுகளாக இந்தக் கோபத்தை ஆண்டவரிடம் அறிக்கையிட்டிருப்பீர்கள்; மகளிடம் அறிக்கையிட்டதுண்டா? "நான் கோபக்காரிதான், என்ன செய்வது" என்று பொதுவாகச் சொல்லாமல், இன்ன நாளில் இன்ன வார்த்தை சொன்னேன், அது தவறு, என்னை மன்னித்துவிடு என்று குறிப்பாகச் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கும்போதே "நீயும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று சேர்க்க நாக்கு துடிக்கும். அந்த நொடியில் வாயை மூடிக்கொள்வதை இந்த வாரத்து உபவாசமாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: எழுப்புதல் கூட்டம் முடிந்த ஒரு வாரத்திலேயே உள்ளத்தின் அனல் தணிந்துவிடுகிறது. நான் பின்வாங்கிவிட்டேனா?
- ஒரு கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: அனல் தணிவதும் பின்வாங்குவதும் ஒன்றல்ல. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் தம் உள்ளம் அனல் கொண்டதை உணர்ந்தார். அதே வெஸ்லி, 1739 ஜனவரி 4 அன்று, தாம் கிறிஸ்தவரே அல்ல என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். தம்மில் அன்பும் சமாதானமும் போதவில்லை என்பதே அவருடைய வருத்தம். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 2 அன்று, பிரிஸ்டல் நகரில் திறந்தவெளியில் நின்று எளிய மக்களுக்குப் பிரசங்கிக்கத் தொடங்கியவரும் அவரே. அடுத்த கூட்டத்தின் தேதியைத் தேடுவதற்கு முன், சென்ற கூட்டத்தில் செய்வதாக ஆண்டவருக்கு வாக்களித்த ஏதாவது ஒன்று இன்னும் செய்யப்படாமல் கிடக்கிறதா என்று பாருங்கள், தம்பி.