மேற்படிப்புக்குக் கிளம்பும் சிஸ்டர்களுக்கு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிப் பேர், தான் படித்தது நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம்.மா, பட்டப்படிப்பான பி.எஸ்சி.யா என்றே எழுதவில்லை. "மேடம், அடுத்து என்ன படிக்கலாம்?" என்று ஒற்றை வரி. எனக்கு ஜோசியம் தெரியாது. விவரம் எழுதியவர்களுக்கு மட்டும் கீழே பதில்.

ஜி.என்.எம். முடித்து நான்கு வருடமாக வார்டு டியூட்டி பார்க்கிறேன். நேராக எம்.எஸ்சி. நர்சிங் சேரலாமா? (பென்னாகரம்)

முடியாது. முதலில், டிப்ளமோ முடித்தவர்களுக்கான இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., அதன் பிறகு இரண்டு வருட எம்.எஸ்சி. போஸ்ட் பேசிக்கில் 55 சதவீதம் வேண்டும். எம்.எஸ்சி.க்குக் கேட்கும் ஒரு வருட வேலை அனுபவம் போஸ்ட் பேசிக்குக்கு முன்னால் இருந்தாலும் செல்லும் என்பதால், உங்கள் நான்கு வருடம் வீண் போகாது. சேரும் இடத்தில் ஒரிஜினல் சான்றிதழ்களைக் காட்டுங்கள், சரிபார்த்ததும் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

பி.எஸ்சி. முடித்து ஒன்பது மாதம் வேலை பார்த்தேன். "ஏறக்குறைய ஒரு வருடம்" என்று போட்டுக்கொள்ளலாமா? (காவேரிப்பட்டணம்)

ஒரு வருடம் என்றால் பன்னிரண்டு மாதம். மூன்று மாதம் பொறுக்க முடியாமல் பொய் அனுபவச் சான்று வாங்கினால், பிற்காலத்தில் வெளிநாட்டுச் சரிபார்ப்புக்குப் போகும்போது மாட்டுவீர்கள். அவர்கள் மருத்துவமனைக்கே எழுதிக் கேட்பார்கள்.

கிரிட்டிகல் கேர் (தீவிர சிகிச்சை) நர்ஸ் பிராக்டிஷனர் படித்தால் பாலக்கோட்டில் சொந்தமாக கிளினிக் வைக்கலாமா?

போர்டு மாட்டிய அன்றே போலி மருத்துவர் என்று வழக்கு வரும். அந்தப் படிப்பின் நோக்கமே வேறு. இந்திய நர்சிங் கவுன்சிலின் இரண்டு வருட ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே படிப்பது அது. தியரி சுமார் 20 சதவீதம், மீதி 80 சதவீதம் ஐ.சி.யூ.வில்தான். வென்டிலேட்டர் நோயாளியை மதிப்பிடுவது, மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது, மருத்துவமனை எழுதிவைத்த ஸ்டாண்டிங் ஆர்டருக்குள் நின்று முடிவெடுப்பது எல்லாம் அதில் வரும். தனியாக மருந்து எழுதிக் கொடுக்கும் அதிகாரம் வராது. ஐ.சி.யூ. பிடிக்கும், வகுப்பெடுக்கப் பிடிக்காது என்பவர்களுக்கு எம்.எஸ்சி.யை விட இதைத்தான் சொல்வேன். சேருவதற்கு முன், படித்து வந்தவர்களுக்கு அந்த மருத்துவமனை தனிப் பதவி தருகிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் பழைய ஸ்டாஃப் நர்ஸ் நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள்.

ஓசூர் தாண்டி ஒரு கல்லூரியில் மாதம் இரண்டு நாள் வந்தால் போதும் என்கிறார்கள். சேரலாமா?

சேராதீர்கள். எம்.எஸ்சி. நர்சிங் முழுநேரப் படிப்பு. தேர்வெழுதவே 80 சதவீத வருகை வேண்டும். பட்டம் வாங்குவதற்குள் செய்முறையில் நூறு சதவீதம் முடித்திருக்க வேண்டும். மாதம் இரண்டு நாள் கணக்கு எந்தக் கூட்டலில் வருகிறது?

எம்.எஸ்சி. கம்யூனிட்டி ஹெல்த் இரண்டாம் வருடம். தீசிஸுக்குச் சுலபமான தலைப்பு ஒன்று சொல்லுங்கள். எழுதித் தருபவர்கள் யாராவது தெரிந்தால் அதுவும். (அரூர்)

இரண்டாவது கேள்வியைக் கேட்காத மாதிரி இருந்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்குத் தேர்வாளராகப் போய் உட்கார்ந்த காலம் முழுக்க ஒரே தீசிஸைத்தான் வேறு வேறு அட்டையில் படித்தேன். "இன்னதைப் பற்றிய அறிவில் கட்டமைக்கப்பட்ட கற்பித்தலின் விளைவு", 60 பேர், முன்தேர்வு, அரை மணி நேர வகுப்பு, ஏழாம் நாள் பின்தேர்வு. மார்க் கூடியிருக்கும். கூடாமல் என்ன செய்யும்? சொல்லிக் கொடுத்ததையே திரும்பக் கேட்டால் யாரும் சொல்வார்கள். நோயாளிக்கு என்ன மாறியது என்று கேட்டால் மாணவி தரையைப் பார்ப்பார். கேட்ட கேள்விக்கு "அது தீசிஸ் எழுதித் தரும் கடைக்காரர் போட்ட டேபிள் மேடம்" என்று ஒருத்தி சொன்னதும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிப்படி மற்றவர் எழுத்தோடு 10 சதவீதம் வரைதான் ஒத்துப்போகலாம். 60-ஐத் தாண்டினால் படிப்பின் பதிவே ரத்து. கடைக்காரர் அதே அத்தியாயத்தை இன்னும் எத்தனை பேருக்கு விற்றிருப்பார் என்று உங்களுக்குத் தெரியுமா?

நீங்கள் இருப்பது தர்மபுரி மாவட்டம். ஃபுளோரைடு தண்ணீரில் பல்லும் எலும்பும் கெட்ட ஊர்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. குழாய் வந்த வீட்டிலும் சமையலுக்கு எந்தத் தண்ணீர், குடிக்க எந்தத் தண்ணீர் என்று ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது பாடம்; போர்வெல் தண்ணீர் இனிக்கிறது என்று பாட்டி அதையே கேட்பது களம். இல்லையென்றால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை எடுங்கள். 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அது தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது; அட்டையில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைக்கிறார்கள்? மண்பானையா, அலமாரியா? மலைக் கிராமத்தில் பாம்பு கடித்தவர் விஷமுறிவு மருந்து ஏறும் இடத்துக்கு வர எத்தனை மணி நேரம் ஆகிறது? இதில் எதுவும் சுலபம் இல்லை. வெயிலில் நடக்க வேண்டும், நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்காமல் ஒரு படிவம்கூட நிரப்பக் கூடாது. ஆனால் வைவாவில் நிமிர்ந்து பதில் சொல்வீர்கள்.

இந்தியாவில் எம்.எஸ்சி. முடித்தால் அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாமா? (பர்கூர்)

ஆக முடியாது. அங்குள்ள உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் எழுதி ரிஜிஸ்டர்டு நர்ஸ் ஆகலாம். நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் பிராக்டிஷனர் வேலைக்கு அங்கேயே முதுகலையோ டாக்டர் பட்டமோ படித்து, தேசியச் சான்றுத் தேர்வு எழுதி, மாநில உரிமம் வாங்க வேண்டும். 1965-ல் கொலராடோவில் அந்தப் படிப்பு தொடங்கிய காலத்திலிருந்து அது தனிப் பாதை. இங்கிலாந்து என்றால் ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வில் எழுத்துக்கு சி பிளஸ், மற்ற மூன்றுக்கும் பி; அதன்பின் கணினித் தேர்வு, ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு. எம்.எஸ்சி. அங்கே உள்ளே நுழைவதற்குக் கட்டாயம் இல்லை.

ஆண் செவிலியர் நான். மனநலப் பிரிவு எடுத்தால் மதிப்பு உண்டா? (ஓசூர்)

தாராளமாக எடுங்கள் தம்பி. பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் உங்களுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருக்கிறது, டிராஃபிக்கைப் பொறுத்தது. 2017 மனநலச் சட்டத்தில் மனநலச் செவிலியர் என்று தனியாகவே வரையறை உண்டு. நிம்ஹான்ஸில் இடம் கிடைப்பது கடினம். முதல் முறை கிடைக்காவிட்டால் ஒரு வருடம் மனநல வார்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். கர்நாடகத்தில் படித்தால், முடித்ததும் கூடுதல் தகுதியைத் தமிழ்நாடு கவுன்சிலில் பதிவு செய்ய மறக்காதீர்கள்.

வேலை பார்க்கும் மருத்துவமனை சான்றிதழைப் பிடித்து வைத்திருக்கிறது. பாண்ட் (வேலை ஒப்பந்தக் காலம்) முடியவில்லை, எம்.எஸ்சி. இடமோ கிடைத்துவிட்டது. (ஊத்தங்கரை)

ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது! சான்றிதழ் உங்கள் சொத்து. அதை அடகுபோல வைத்துக்கொள்வது முறையே இல்லை. எழுத்தில் கேளுங்கள், ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள், சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். தரவில்லை என்றால் மாநில நர்சிங் கவுன்சிலுக்குப் புகார், கூடவே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. அங்கே பெண்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். கல்லூரியில் கால அவகாசம் கேட்டு இன்றைக்கே ஒரு கடிதம் கொடுங்கள், வாய்வார்த்தை வேண்டாம்.

மேடம், உங்கள் நம்பர் கிடைக்குமா?

கிடைக்காது.