அழகர் மட்டும் ஏன் ஆடிப்போயி வர்றாரு?

ஒத்தக்கடையில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல கேனான் 1500டி வாங்கினேன், கூட 18-55 கிட் லென்ஸ். வீட்லயும் வயக்காட்டுலயும் எடுத்தா நல்லாத்தான் வருது. போன சித்திரைல அழகர் ஆத்துல இறங்குறத எடுக்கப் போனேன், கூட்டத்துல தலைக்கு மேல தூக்கித் தூக்கி எடுத்தேன், ஒன்னுகூட தேறல. எல்லாம் ஆடிப்போயி இருக்கு, தங்கக் குதிரை வெளிறிக் கெடக்கு, முன்னாடி நிக்கிறவங்க மண்டை மட்டும் பளிச்சுனு தெரியுது. மச்சான் ஒருத்தன் இந்த மாதிரி உள்ள கண்ணாடி வச்ச டிஎஸ்எல்ஆர் காலமெல்லாம் முடிஞ்சிருச்சு, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வாங்குங்கிறான். மாறிரவா?"

வேணாம் தம்பி. உங்க கேமராவுல ஒரு கோளாறும் இல்ல, நீங்க சொன்னதுலயே மூணு காரணமும் இருக்கு.

மொத காரணம் அந்த மண்டை. டயல பச்சை ஆட்டோவுல வச்சிருந்திருப்பீங்க, இருட்டுனு பாத்ததும் அதுவா ஃபிளாஷ தூக்கிருச்சு. அந்தச் சின்ன ஃபிளாஷ் நாலஞ்சு மீட்டர் போறதே பெருசு, அது எங்கிட்டு அழகர் வரைக்கும் போறது, முன்னாடி நிக்கிற மாமா வழுக்கையில பட்டுத் திரும்பி வந்துரும். ரெண்டாவது, தலைக்கு மேல தூக்கணும்னா ஸ்கிரீன பாத்துத்தான எடுத்திருக்கணும். 1500டில ஸ்கிரீன் வழியா ஃபோகஸ் பண்றது ரொம்ப மந்தம், முன்னயும் பின்னயும் அலைஞ்சு முடிக்கிறதுக்குள்ள சாமி நகர்ந்துருவாரு. கையும் நீட்டமா இருக்கும், ஆடாம என்ன செய்யும். கண்ண வியூஃபைண்டர்ல ஒட்டி, ரெண்டு முழங்கையையும் நெஞ்சோட சேத்துப் பிடிங்க, ஒன்பது ஃபோகஸ் பாயிண்ட்ல நடு பாயிண்ட மட்டும் வச்சுக்கங்க, இருட்டுல சட்டுனு பிடிக்கிறது அதுதான். இதுக்காகவே வெள்ளனா, அதாவது நடுச்சாமத்துலயே போயி கொஞ்சம் மேடான எடமா பிடிச்சுரணும். அஞ்சு மணிக்கு கோரிப்பாளையத்துல வந்து நின்னுக்கிட்டு எடம் கெடைக்கலன்னா அதுக்கு லென்ஸ் என்ன பண்ணும்.

மூணாவதுதான் பெரிய காரணம், ஷட்டர் ஸ்பீடு, அதாவது கேமரா எவ்வளவு நேரம் தொறந்திருந்து வெளிச்சத்த வாங்குதுங்கிறது. விடியிறதுக்கு முன்னாடி ஃபோகஸ் லைட்டு வெளிச்சம் நம்ம கண்ணுக்குப் பகல் மாதிரித் தெரியும், கேமராவுக்கு அது ராத்திரிதான். எஃப் நம்பர் கூடக் கூட லென்ஸ் ஓட்டை சின்னதாகும். உங்க கிட் லென்ஸ் 18-ல வச்சா எஃப் 3.5, 55-க்கு ஜூம் பண்ணிட்டா எஃப் 5.6, அதாவது ஜூம் பண்ணப் பண்ண உள்ள வர்ற வெளிச்சம் பாதிக்கும் கீழ போயிரும். ஃபிளாஷ நிறுத்திட்டா ஆட்டோ என்ன செய்யும், ஷட்டர 15-ல ஒரு பங்கு செகண்டுன்னு எறக்கிரும். லென்ஸ்ல ஐஎஸ் இருக்கேம்பீங்க, அது உங்க கை ஆடுறதத்தான் நிறுத்தும், சீர்பாதம் தாங்கிகள் தோள்ல குலுங்கிக் குலுங்கி வர்ற சாமிய அதால நிறுத்த முடியாது.

அதனால டயல்ல டிவின்னு இருக்குற எடத்துக்குத் திருப்புங்க (வீட்ல சீரியல் பாக்குற டிவி இல்ல, ஷட்டர நாம சொல்றது, அப்பர்ச்சர, அதான் அந்த லென்ஸ் ஓட்டைய, கேமரா பாத்துக்கறது). 125-ல ஒரு பங்கு வைங்க, ஐஎஸ்ஓவ (கம்மி வெளிச்சத்தையும் எவ்வளவு தூக்கிக் காட்டணும்ங்கிற நம்பர்) ஆட்டோல விட்டு மெனுவுல அதோட உச்சத்த 3200, மனசு வந்தா 6400-னு வச்சிருங்க. நெறையப் பேரு யூடியூப் பாத்துட்டு ஐஎஸ்ஓ 800 தாண்டுனாலே பாவம் செஞ்ச மாதிரி பயப்படுறாங்க. புள்ளி புள்ளியா வந்தா பின்னாடி கம்ப்யூட்டர்ல கொறைச்சுக்கலாம், ஆடிப்போனத எந்தச் சாஃப்ட்வேரும் ஒழுங்காத் திருப்பித் தராது. அப்பர்ச்சர் நம்பர் கண் சிமிட்டுனா வெளிச்சம் பத்தலனு அர்த்தம், ஜூம கொறைச்சு 18 பக்கம் வாங்க.

குதிரை வெளிறுனதுக்கு வருவோம். சுத்தி முழுக்க இருட்டு, நடுவுல பளபளன்னு தங்கம், அதுமேல லைட்டு. கேமரா மொத்தத்தையும் பாத்துட்டு அடடா இருட்டா இருக்கேன்னு வெளிச்சத்தக் கூட்டும், தங்கம் வெந்து வெள்ளையாயிரும். பின்னாடி இருக்குற ஏவி பிளஸ் மைனஸ் பட்டன அமுக்கிக்கிட்டு டயல மைனஸ் பக்கம் ரெண்டு கட்டம், தேவைப்பட்டா மூணு கட்டம் தள்ளுங்க. கூட்டம் இருட்டாப் போகும், போகட்டுமே, பாக்குறவங்க கண்ணு அழகர் மேலதான இருக்கணும். ஜேபெக் இல்லாம ரா (RAW) ஃபைலா எடுத்தா லைட்டோட மஞ்ச பூத்த கலரையும் வீட்ல வந்து சரி பண்ணிக்கலாம், அழகர் கட்டி வர்ற பட்டு பச்சையா இல்லையான்னு ஊரே பாக்குற விசயத்துல கலர் மாறிப்போனா சும்மா விடமாட்டாங்க.

இப்ப மச்சான் விசயம். அவரு சொல்றது பொய்யில்ல, கேனான் 2018-லயே மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப் மவுண்ட்டுக்கு (லென்ஸ் மாட்டுற வாய்) போயாச்சு, 2020-ல வந்த 1டிஎக்ஸ் மார்க் 3-க்கு அப்புறம் பெரிய டிஎஸ்எல்ஆர் கிடையாது, 2023-ல ஆர்50, ஆர்100-னு புதுசாப் படிக்கிறவங்களுக்கே மிரர்லெஸ் விட்டுட்டாங்க. ஆனா ஆர்50 வாங்கி அதே மாதிரி எஃப் 6.3 வரைக்கும் போற கிட் லென்ஸ மாட்டுனா ஃபோகஸ் வேணா பறக்கும், வெளிச்சம் எங்கிருந்து வரும்? அந்தக் காசுல ஒரு சின்னப் பங்குக்கு 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் வாங்குங்க. எஃப் 5.6-ஓட பாத்தா கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம், 15-ல ஒரு பங்கு ஓடுன எடத்துல 150-ல ஒரு பங்கு ஓடும். நாளைக்கு மிரர்லெஸ் வாங்குனாலும் அடாப்டர் போட்டு அதே லென்ஸ மாட்டிக்கலாம். செகண்ட் ஹேண்டா வாங்குனா செல்போன் டார்ச்ச ஒரு பக்கம் அடிச்சு மறுபக்கம் பாருங்க, செலந்தி வலை மாதிரி தெரிஞ்சா ஃபங்கஸ், வேணாம்னு வந்துருங்க.

திருவிழா வரைக்கும் காத்திருக்காதீங்க, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஒரு விடியக்காலை போங்க. பல்பு வெளிச்சம், நிக்காம நடமாடுற ஆளுக, தலைச்சுமை, அப்படியே அந்த ராத்திரி வெளிச்சந்தான். கேட்டுட்டு எடுங்க, ஏவாரத்துக்குக் குறுக்க நிக்காதீங்க.

இன்னொன்னு, எனக்கு இதுதான் பிடிச்சது. அழகர் இறங்குனதும் எல்லாரும் கேமராவ மூடிட்டுக் கெளம்பிருவாங்க, அப்பத்தான் நல்ல படமே ஆரம்பிக்குது. அழகர் வேசம் கட்டுன ஆளுக தோப்பையில, அதான் தோல் பையில, தண்ணிய ரொப்பிப் பீய்ச்சுவாங்க, வெயில் அப்பத்தான் சாய்வா ஏறி வரும். கிழக்க பாத்து நில்லுங்க, ஷட்டர் 1000-ல ஒரு பங்கு, வெயில் எதிர்ல இருந்து வர்றதால ஒவ்வொரு சொட்டும் தனித்தனியா மின்னும். ஷட்டர அமுக்கிப் பிடிச்சா உங்க கேமரா செகண்டுக்கு மூணுதான் எடுக்கும், அதனால பை அமுங்குறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே அமுக்குங்க.

அந்தத் தண்ணி உங்க மேலயும் வரும்ங்கிறத மறந்துராதீங்க. லென்ஸ் மொனையில ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கவர், ரப்பர் பேண்டு, போதும். மணல்ல நின்னு லென்ஸ் மாத்தாதீங்க, தூசி நேரா சென்சாருக்குப் போகும். நனைஞ்சா உடனே ஆஃப் பண்ணி பேட்டரி, கார்டு ரெண்டையும் எடுத்துட்டு, துணியால ஒத்தி எடுத்து, சிலிக்கா ஜெல்லோட டப்பாவுல ரெண்டு நாள் வைங்க, வேலை செய்யுதான்னு ஆன் பண்ணிப் பாக்கவே கூடாது. ஒரு வருசம் எனக்கு நனைஞ்சப்ப யாரோ சொன்னாங்கன்னு அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வச்சேன். கேமரா காஞ்சு நல்லாயிருச்சு, ஜூம் ரிங்குதான் நறநறன்னுச்சு, கழட்டிப் பாத்தா உள்ள பூரா தவுடு.