வௌவால் பெட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தோட்டத்தில் தாமே பலகை அறுத்து வௌவாலுக்குப் பெட்டி செய்து மாட்டியவர்களும், செய்ய நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பெட்டியை மாட்டி 14 மாதங்கள் ஆகின்றன. ஒரு வௌவால்கூட வரவில்லை. வௌவால் எச்சத்தைக் கரைத்து உள்ளே பூசினால் வாடைக்கு வந்துவிடும் என்கிறார்கள். பூசலாமா?

பூச வேண்டாம். எச்சத்தின் வாடை வௌவாலை இழுக்கும் என்ற நம்பிக்கை நூறாண்டுப் பழையது. அது பொய்த்த கதையும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பழையது. அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரத்து மருத்துவர் சார்லஸ் கேம்பெல், வௌவால்களைக் கொண்டு கொசுவையும் மலேரியாவையும் ஒழிக்கலாம் என்று நம்பி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றுக்காக மரக் கோபுரங்களைக் கட்டினார். அவருடைய வரைபடத்தை வாங்கி, ரிக்டர் பெர்க்கி என்பவர் 1929இல் ஃபுளோரிடாவின் சுகர்லோஃப் தீவில் அதே போன்ற கோபுரம் ஒன்றை எழுப்பி, வௌவாலைக் கவரும் என்று சொல்லப்பட்ட எச்சக் கலவையையும் தருவித்து உள்ளே வைத்தார். வௌவால் வரவில்லை. 2017இல் இர்மா புயலில் சாயும்வரை அந்தக் கோபுரம் காலியாகவே நின்றது.

இதற்கு நேரெதிரான கதையும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 1991இல் தன் கெயின்ஸ்வில் வளாகத்தில் வௌவால்களுக்கென்றே ஒரு வீட்டைக் கட்டி, விளையாட்டரங்கில் அடைந்திருந்தவற்றைப் பிடித்து அதில் விட்டது. விட்டவை தங்காமல் பறந்துவிட்டன. சில ஆண்டுகள் கழித்து, யாரும் பிடித்துவிடாமல் வௌவால்கள் தாமாகவே வந்து குடியேறின. இன்று அங்கே அடைபவற்றின் எண்ணிக்கையை லட்சக்கணக்கில் சொல்கிறார்கள். வௌவால் இரவில் இரை தேடும்போதே சுற்றுவட்டாரத்து வெடிப்புகளையும் இடுக்குகளையும் நோட்டம் பார்த்துத் திரியும் பிராணி. உங்கள் பெட்டி அதன் வழியில் இருந்து, உள்ளே வெப்பமும் அளவும் பொருந்தினால் தங்கும். பொருந்தாவிட்டால் எந்த வாடையும் அதைத் தங்க வைக்காது.

ஆகவே 14 மாதம் என்பது நீண்ட காலம் அன்று. இரண்டு முழு ஆண்டுகள் பொறுத்துப் பாருங்கள். அதன் பிறகும் வராவிட்டால் பெட்டியை மாற்றுவதற்கு முன்னால் இடத்தை மாற்றிப் பாருங்கள். இடையில், உண்மையிலேயே வரவில்லையா என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு நேர்கீழே தரையில் கறுப்பாக, அரிசி அளவில் எச்சம் கிடந்தால் அது எலிப்புழுக்கையாகவும் இருக்கலாம். ஒரு குச்சியால் அழுத்துங்கள்: எலியுடையது கெட்டியாக நசுங்கும், வௌவாலுடையது பொடியாக உதிர்ந்து, அந்தப் பொடிக்குள் வண்டுகளின் ஓட்டுத் துணுக்குகள் மினுங்கும்.

கேள்வி: எங்கள் பழமரத்துக்கு இரவில் பெரிய வௌவால்கள் வருகின்றன. அவை பெட்டியில் தங்குமா?

தங்கா. அவை பழந்தின்னி வௌவால்கள். பெரும்பாலும் மரக்கிளையில் திறந்தவெளியில் தொங்கியே உறங்கும். பெட்டிக்கு வருபவை துரிஞ்சில் என்று சொல்லப்படும் சிறிய பூச்சியுண்ணி வௌவால்களுள், மரப்பட்டைக்கு அடியிலும் சுவர் வெடிப்பிலும் உடலை ஒடுக்கிக்கொண்டு தங்கும் பழக்கமுள்ள இனங்கள் மட்டுமே.

கேள்வி: பறவைப் பெட்டி செய்த பலகை மீந்திருக்கிறது. அதே மாதிரி வட்டத் துளை வைத்துச் செய்தால் போதாதா?

போதாது, இரண்டும் வேறு வேறு பொருள்கள். பறவைக்கு அறை வேண்டும், வௌவாலுக்கு இடுக்கு வேண்டும். அடிப்பக்கம் முழுதும் திறந்திருக்க, இரண்டு பலகைகள் முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரையிலான இடைவெளியில் எதிரெதிரே நிற்பதுதான் வௌவால் பெட்டியின் சாரம். உயரம் 20 அங்குலத்துக்கும், அகலம் 14 அங்குலத்துக்கும் குறையாமல் இருப்பது நல்லது. பின்பலகை மட்டும் முன்பலகையைவிடக் கீழே 3 முதல் 6 அங்குலம் நீண்டிருக்க வேண்டும். வௌவால் பறந்து வந்து முதலில் அதில்தான் ஒட்டிக்கொண்டு, பிறகு மேலே ஊர்ந்து போகும்.

என் முதல் பெட்டியில் இரண்டு தவறுகளைச் செய்தேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று பலகையை வழவழப்பாக இழைத்தேன். தாராளமாக இருக்கட்டும் என்று இரண்டு அங்குல இடைவெளி விட்டேன். அந்தத் தாராளத்தைக் குளவிகள்தாம் அனுபவித்தன. உள்பக்கத்தை இழைக்கவே கூடாது. ரம்பத்தின் நுனியாலோ உளியாலோ அரை அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்குக் கோடுகளைக் கீறுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் உங்கள் விரல் நகம் தடுக்கி நின்றால் வௌவாலின் கால்நகமும் பிடித்து நிற்கும். கீறுவதற்குப் பதிலாக வலை அடிப்பவர்கள் உண்டு. அப்படியானால் நெருக்கமான பிளாஸ்டிக் வலையாக இருக்கட்டும், விளிம்புகள் துருத்தாதபடி இறுக அடியுங்கள். கம்பி வலை இறக்கைச் சவ்வைக் கிழித்துவிடும்.

வெளிப்புறத்துக்கு உகந்த அரை அங்குல பிளைவுட் போதும். பூஞ்சைக்கும் கரையானுக்கும் மருந்தேற்றிய பலகை வேண்டாம். மேல்மூட்டுகளில் காற்றும் மழையும் நுழையாதபடி அடைத்துவிட்டு, வெளிப்பக்கத்துக்கு மட்டும் நீரில் கரையும் பெயிண்டை அடியுங்கள். உங்கள் பழைய பலகை சுத்தமானதாக இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம், துளைதான் வேண்டாம்.

கேள்வி: பெட்டியை எங்கே மாட்டுவது? மரத்தில் கட்டினால் இயற்கையாக இருக்குமே?

நமக்கு இயற்கையாகத் தெரியும், வௌவாலுக்கு வசதியாக இராது. மரத்தில் நிழல் மிகுதி. கிளைகள் பறக்கும் வழியை மறிக்கும். பூனைக்கும் பாம்புக்கும் ஏறுவதற்கு அதுவே படியாகிவிடும். வௌவால் பெட்டியிலிருந்து தரையை நோக்கி விழுந்து, விழும் வேகத்திலேயே சிறகை விரிக்கும்; அதற்குக் கீழே வெட்டவெளி தேவை. எனவே வீட்டுச் சுவரோ தனிக் கம்பமோதான் என் தேர்வு. தரையிலிருந்து 12 முதல் 20 அடி உயரமும், அருகிலுள்ள கிளைகளிலிருந்து 20 அடி விலகலும் இருக்கட்டும். இரவில் விளக்கு வெளிச்சம் விழும் சுவரைத் தவிருங்கள். ஏரி, குளம், ஓடை என்று ஏதேனும் ஒரு நீர்நிலை கால் மைலுக்குள் இருந்தால் வாய்ப்பு கூடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது வெப்பம். பல கடிதங்களில் ஒரு வரிகூட இதைப் பற்றி இல்லாததுதான் எனக்கு வியப்பு. குட்டிகளை வளர்க்கும் தாய் வௌவால்கள் ஏறத்தாழ 27 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தை நாடுகின்றன. மயிர் முளைக்காத குட்டி தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்த பகுதியில் பெட்டிக்கு அடர்நிறம் பூசி, நாளுக்கு 6 மணி நேரமாவது வெயில் படும்படி வையுங்கள். வெயில் கடுமையான பகுதியில் அதே பெட்டி அடுப்பாகிவிடும். உள்ளே 40 டிகிரிக்கு மேல் போனால் வௌவால்கள் செத்துவிழக்கூடும். அங்கே வெளிர்நிறமும், காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவரும், முன்பலகையின் கீழ்ப்பகுதியில் அரை அங்குலக் காற்றுப்பிளவும் வேண்டும். மூன்று நான்கு இடுக்குகளை அடுத்தடுத்து வைத்த பெட்டியானால் வௌவால்கள் தமக்கு ஏற்ற சூட்டுக்கு இடம் மாறிக்கொள்ளும். வசதியிருந்தால் ஒரு பெட்டிக்குப் பதில் இரண்டை, ஒன்று வெயிலிலும் ஒன்று அரைநிழலிலுமாக மாட்டுங்கள். எது சரி என்பதை அவையே காட்டிவிடும்.

கேள்வி: ஒரு வௌவால் மணிக்கு 1,000 கொசுக்களைத் தின்னும் என்பது உண்மையா? கொசுத் தொல்லை தீருமா?

மூடிய அறைக்குள் கொசுக்களை நிறைய விட்டு, வௌவால் சில நிமிடங்களில் பிடித்தவற்றை எண்ணி, அதை மணிக்கணக்குக்குப் பெருக்கியதிலிருந்து பிறந்த எண் இது. வாய்க்கு வாய் வளர்ந்தும் இருக்கிறது. வெளியில் வௌவால் அந்துப்பூச்சி, வண்டு, ஈ, கொசு என்று அகப்பட்டதைத் தின்னும். ஓர் இரவில் தின்பது நிறையத்தான். பாலூட்டும் தாய் தன் எடைக்கு நிகராகவே தின்னக்கூடும். ஆனால் கொசுவுக்காக மட்டும் பெட்டி கட்டுகிறீர்கள் என்றால், தேங்கிய நீரை முதலில் கவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி: பெட்டிக்குள் குளவி கூடு கட்டிவிட்டது.

பெட்டியில் வௌவால் இல்லாத காலத்தில் ஒரு நீண்ட குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். மருந்து அடிக்க வேண்டாம். குளவி போய்விடும், நஞ்சு பலகையிலேயே தங்கும்.

கேள்வி: வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். வௌவாலால் நோய் வராதா?

விலகியிருந்தால் அச்சம் தேவையில்லை. தொட்டால் ஆபத்து உண்டு. ரேபிஸ் வௌவால்களிடம் அரிதாகக் காணப்பட்டாலும், கண்டால் விளையாட்டல்ல. தரையில் கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடக்கூடாது என்பதைக் குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுங்கள். பெரியவர்கள் தடித்த கையுறை அணிந்து, ஒரு டப்பாவைக் கவிழ்த்து மூடி, அடியில் அட்டையைச் செருகி எடுத்து மரத்தண்டில் ஏற்றிவிடலாம்; பல வௌவால்களால் தரையிலிருந்து எழும்பிப் பறக்க முடிவதில்லை. கடித்தாலோ கீறினாலோ, காயம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிதாக இருந்தாலும், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்கினால் பூஞ்சைத் துகள் நுரையீரலுக்குள் போகலாம். நீர் தெளித்து ஈரமாக்கி, முகக்கவசம் அணிந்து அள்ளுங்கள். ஜன்னலுக்கும் வாசலுக்கும் நேர்மேலே பெட்டியை மாட்டாமலிருந்தால் இந்த வேலையும் குறையும்.

கேள்வி: எங்கள் கூரை இடுக்கில் ஏற்கெனவே வௌவால்கள் இருக்கின்றன. அவற்றைப் பெட்டிக்கு மாற்ற முடியுமா?

முடியும், அவசரப்பட்டால்தான் கெடும். பல இனங்களில் தாய் ஆண்டுக்கு ஒரே குட்டிதான் ஈனும்; அது பறக்கச் சில வாரங்கள் ஆகும். அந்தக் காலத்தில் இடுக்கை அடைத்தால் தாய் வெளியிலும் குட்டி உள்ளுமாக மாட்டிக்கொண்டு, குட்டி பட்டினியில் சாகும், வீட்டில் நாற்றம் எடுக்கும். பல நாடுகளில் வௌவால்கள் சட்டப் பாதுகாப்பு பெற்றவை என்பதால் உங்கள் பகுதியின் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிகள் பறக்கத் தொடங்கிய பிறகு, அவை வெளியேறும் வாய்க்கு மேல் வலைத்துணியை மேற்புறமும் பக்கங்களும் மட்டும் ஒட்டி, கீழ்ப்புறம் தொங்கவிடுங்கள். வெளியே வருபவை அதன் அடியாக நழுவிப் போகும், திரும்பி வருபவை துணியில் மோதி வழி தெரியாமல் விலகும். ஒரு வாரம் அப்படியே விட்டு, மாலையில் நின்று எதுவும் வெளியேறவில்லை என்று உறுதி செய்த பிறகே இடுக்கை அடையுங்கள். புதிய பெட்டியை மட்டும் இதற்குச் சில மாதங்கள் முன்பே, அந்த வாய்க்கு அருகிலேயே மாட்டிவிடுங்கள். வெளியே தள்ளப்படும் இரவில் அது அவற்றுக்கு ஏற்கெனவே பழகிய இடமாக இருக்க வேண்டும்.