குறும் பெப்டைடுகளும் பக்கவாதத்தில் சாகும் மூளைச் செல்களும்: கேள்வி பதில்

இரத்த ஓட்டம் நின்றால் ஆக்சிஜன் இல்லாமல்தானே மூளைச் செல் சாகிறது? அதில் பெப்டைடு என்ன செய்ய முடியும், ஐயா? (இளங்கலை மாணவி)

பெப்டைடு என்பது சில அமினோ அமிலங்கள் கோத்த குறும் சங்கிலி, புரதத்தின் சிறு துண்டு போன்றது. ஆக்சிஜன் நிற்பது தொடக்கம் மட்டுமே. ஆற்றல் தீர்ந்த நரம்புச் செல்கள், செல்களுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான குளுட்டமேட்டை வெளியே கொட்டிவிடுகின்றன. அது அண்டைச் செல்களின் படலத்தில் தன்னை ஏற்கும் என்எம்டிஏ ஏற்பிகளை ஓயாமல் தூண்ட, கால்சியம் உள்ளே பாய்கிறது. அந்த ஏற்பியின் உட்புற வாலைப் பிஎஸ்டி-95 என்ற புரதம் பற்றியிருக்கிறது. அதே புரதம் நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதியையும் பக்கத்திலேயே பிடித்துவைத்திருப்பதால், கால்சியம் நுழைந்த இடத்திலேயே நொதி முடுக்கப்பட்டு, செல்லைச் சிதைக்கும் வேதிப்பொருள்கள் பெருகுகின்றன. கனடாவின் டொராண்டோவில் மைக்கேல் டிமியான்ஸ்கியின் குழு, ஏற்பியின் வால்நுனியிலுள்ள 9 அமினோ அமிலங்களை மட்டும் தனியே தயாரித்துச் செல்லுக்குள் அனுப்பியது. பிஎஸ்டி-95 அந்தத் துண்டைப் பற்றிக்கொள்ள, ஏற்பியுடனான அதன் பிணைப்பு விட்டுப்போயிற்று. 2002-இல் வெளியான இந்த ஆய்வில், பாதிப்புக்கு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தபோதும் எலிகளின் மூளைச் சேதம் குறைந்தது. பின்னர் நெரினெடைடு என்று பெயர் பெற்ற மருந்து இதுதான்.

ஏற்பியையே அடைத்துவிட்டால் வேலை எளிதல்லவா?

அப்படி அடைக்கும் மருந்துகள் 1990-களில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டுத் தோற்றன. கற்றலுக்கும் நினைவுக்கும் அந்த ஏற்பி வேண்டும். அடைத்தால் மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் வருகின்றன. பெப்டைடு ஏற்பியின் இயல்பான வேலையில் கைவைக்காமல், அதற்குப் பின்னாலுள்ள நச்சுத் தொடர்பை மட்டும் அறுக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சிந்தனை இது.

வெளியிலிருந்து செலுத்தும் பெப்டைடு செல் படலத்தைக் கடக்குமா?

தனியாகக் கடக்காது. எச்ஐவி வைரஸின் டாட் புரதத்திலிருந்து, நேர்மின் ஏற்றம் மிகுந்த 11 அமினோ அமிலங்களை முன்னால் ஒட்டவைத்தார்கள், மொத்தம் 20. அது ஒரு துண்டு மட்டுமே என்பதால் தொற்று வராது.

எங்கள் பெப்டைடைச் சேர்த்த எஸ்எச்-எஸ்ஒய்5ஒய் என்ற ஆய்வகச் செல்களில் எம்டிடி சாயச் சோதனையின் அளவு உயர்ந்திருக்கிறது. 'நரம்புப் பாதுகாப்பு' என்று ஆய்வேட்டில் எழுதலாமா? (முனைவர் பட்ட ஆய்வாளர்)

இப்போது எழுத வேண்டாம். மஞ்சள் நிற எம்டிடி ஊதாவாக மாறுவது செல்லின் ஒடுக்கத் திறனை (எலக்ட்ரான் வழங்கும் திறனை) காட்டுகிறதே தவிர, உயிரோடுள்ள செல்களை நேரடியாக எண்ணித் தருவதில்லை. சிஸ்டீன் உள்ள பெப்டைடு தானே சாயத்தை ஒடுக்கிவிடக்கூடும் என்பதால், செல்லே இல்லாத குழியில் ஊடகம், பெப்டைடு, சாயம் மூன்றையும் ஊற்றி முதலில் பாருங்கள். செல் சிதையும்போது ஊடகத்தில் கசியும் எல்டிஎச் நொதியையும் அளந்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். தயாரிப்பின்போது தங்கும் டிரைஃபுளுரோஅசிட்டேட் உப்பும் சில செல்களைப் பாதிக்கும்.

இவற்றைவிட முக்கியமானது கட்டுப்பாட்டுப் பெப்டைடு. 2002 ஆய்வில் வால்நுனியின் செரின், வாலின் இரண்டையும் அலனினாக மாற்றிய ஒரு பெப்டைடும் இருந்தது. நீளமும் டாட் பகுதியும் அதேதான், ஆனால் பிஎஸ்டி-95-ஐப் பற்றாது. அது செல்களைக் காக்கவுமில்லை. அந்த ஒரு ஒப்பீடு இல்லாமல் மற்ற எண்களை நம்பியிருக்க முடியாது. உங்கள் செல்கள் நியூரோபிளாஸ்டோமா புற்றுநோயிலிருந்து வந்தவை என்பதால், எலிக் கருவின் புறணி நரம்புச் செல்களிலும் செய்து பார்ப்பது நல்லது. பெப்டைடை முன்கூட்டியே கொடுத்தீர்களா, பாதிப்புக்குப் பின் கொடுத்தீர்களா என்பதையும் தெளிவாக எழுதுங்கள். பக்கவாதம் வருமுன் மருந்து கேட்டு யாரும் வருவதில்லை.

அப்படியானால் நெரினெடைடு மனிதர்களிடம் ஏன் பலிக்கவில்லை?

2020-இல் வெளியான எஸ்கேப்-என்ஏ1 சோதனையில், இரத்தக்கட்டியைக் கருவியால் அகற்றிய 1105 நோயாளிகள் பங்கேற்றனர். பிறர் துணையின்றி வாழும் நிலையை எட்டியவர்கள் பெப்டைடு பெற்றோரில் 61.4 விழுக்காடு, பெறாதோரில் 59.2 விழுக்காடு, இந்த வேறுபாட்டை வெற்றி என்று கொள்ள முடியாது. கட்டியைக் கரைக்கும் ஆல்ட்டிபிளேஸ் பெறாதவர்களை மட்டும் பார்த்தால் 59.3-க்கு 49.8. ஆல்ட்டிபிளேஸ் உடலில் பிளாஸ்மினை உண்டாக்குகிறது. பிளாஸ்மினோ ஆர்ஜினின், லைசின் உள்ள இடங்களில் வெட்டும் நொதி. செல்லுக்குள் நுழைய உதவிய டாட் பகுதியில் நிறைந்திருப்பவை அவையே. விளக்கம் கச்சிதமாக இருந்தபோதிலும், ஆல்ட்டிபிளேஸ் பெறாதவர்களைக் கொண்டே நடந்த அடுத்த பெரிய சோதனையும் பயனைக் காட்டவில்லை. அதனால் துணைக்குழு எண்ணை மட்டும் எடுத்துக்காட்டி எழுதப்படும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. இணையத்தில் விற்கும் பெப்டைடு குப்பியை வாங்கலாமா?

வேண்டாம், அம்மா. இந்த ஆய்வெல்லாம் முதல் சில மணி நேரத்தில் சாகவிருக்கும் செல்களைப் பற்றியது. இறந்த செல்களை எந்தப் பெப்டைடும் மீட்பதில்லை. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று அச்சிட்ட குப்பி, மனித உடலில் ஏற்றுவதற்கான தரச் சோதனையைக் கடந்ததல்ல. அந்தப் பணத்தை இயன்முறைச் சிகிச்சைக்கும், மருத்துவர் தந்த இரத்த அழுத்த மாத்திரைக்கும் செலவிடுங்கள்.

பிளாஸ்மின் வெட்டாத பெப்டைடைத் தயாரிக்க முடியாதா?

முடியும். எல்-வடிவ அமினோ அமிலங்களுக்குப் பதில் அவற்றின் கண்ணாடிப் பிம்பமான டி-வடிவங்களைக் கோத்தால் நொதியால் வெட்ட முடிவதில்லை. அத்தகைய பெப்டைடுகளை டிமியான்ஸ்கி குழு 2021-இல் வெளியிட்டது. ஆல்ட்டிபிளேஸும் உடன் பெற்ற விலங்குகளில் அவை பலன் தந்தன.