லே-அப், டேப்-இன், ஸ்லாம் டங்க்: அன்றாடப் பேச்சில் இவற்றின் பொருள் என்ன?

விளையாட்டுச் சொற்களான இவை அன்றாட ஆங்கிலத்தில் எப்படிப் புழங்குகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். கூடைப்பந்தில் வளையத்தை நெருங்கி ஓடிவந்து எம்பி, பந்தைப் பலகையில் மெல்லப் பட வைத்து உள்ளே விழச்செய்வது லே-அப். கோல்ஃபில் குழியருகே நிற்கும் பந்தை லேசாகத் தட்டிவிடுவது டேப்-இன். இரண்டிலும் தவறுவது அரிது என்பதால், எளிதில் கைகூடும் வேலைக்கு அப்பெயர்கள் வந்தன. கோல்ஃபின் ‘கிம்மி’ இன்னும் ஒரு படி மேல்: எதிராளி விட்டுக்கொடுத்தால், அடிக்காத பந்தும் அடித்ததாகவே கணக்கு.

கூடைப்பந்தில் உயர எம்பி, பந்தைக் கையால் வளையத்துக்குள் ஓங்கித் திணிப்பது ஸ்லாம் டங்க். அன்றாடப் பேச்சில் அது எளிமையைவிட உறுதியையே குறிக்கிறது. ஆகவே அதை எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்பேன். ஈராக்கின் பேரழிவு ஆயுதங்கள் பற்றிய வாதத்தை மக்கள் முன் வைப்பது குறித்து 2002 டிசம்பரில் வெள்ளை மாளிகையில் நடந்த கூட்டத்தில், அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் அப்போதைய இயக்குநர் ஜார்ஜ் டெனெட் அச்சொல்லைப் பயன்படுத்தினார். 2003 படையெடுப்புக்குப் பின் நடந்த தேடலில் அத்தகைய ஆயுதக் குவியல்கள் எவையும் கிடைக்கவில்லை.