முதலில் சுங்க எண், அப்புறம் ஆர்டர்

வணக்கம் ஐயா,

ஐந்து வருடமாக வெளிநாட்டில் வேலை பார்க்கிறேன். சேமிப்பை வைத்து இங்கேயே சிறிய அளவில் இறக்குமதித் தொழில் தொடங்க ஆசை. சார்ஜ் செய்து பயன்படுத்தும் மேசை விளக்குகள்தான் முதல் சரக்கு. ஆனால் இந்த நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மிகக் கடுமை. பலவற்றுக்கு லைசென்ஸ், சிலவற்றுக்குக் கோட்டா. தெரிந்த ஒருவர், “என் லைசென்ஸில் கொண்டு வா, பில்லில் வேறு பொருளாகக் காட்டிக்கொள்ளலாம்” என்கிறார். விற்பவரோ முன்பணம் கேட்டு அவசரப்படுத்துகிறார். வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முன்பணம் இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். உங்கள் விளக்கு சுங்கத்துறையின் கண்ணுக்கு என்ன பொருள் என்பது முதலில் எழுத்தில் தெரிய வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எந்தச் சரக்குக்கும் எச்.எஸ். கோடு (HS code) உண்டு, அதாவது அது என்ன வகைப் பொருள் என்று காட்டும் எண். 1988 முதல் நடைமுறையில் இருக்கும் முறை இது. முதல் ஆறு இலக்கங்கள் உலகெங்கும் பொது, அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் இலக்கங்களைச் சேர்த்துக்கொள்கிறது. வரி, லைசென்ஸ், கோட்டா, தடை எல்லாம் இந்த எண்ணைத்தான் பின்தொடரும். தன் சொந்த மின்சக்தியில் எரியும், கையில் எடுத்துச் செல்லும் விளக்குகள் 8513 என்று தொடங்கும் எண்ணில் வரும். மற்ற விளக்குகள் பெரும்பாலும் 9405. பேட்டரியிலும் எரிந்து, பிளக்கில் செருகினாலும் எரியும் மேசை விளக்கு எதில் சேரும்? இங்கேதான் வாதம் வரும். சரக்கு துறைமுகத்தில் கிடக்கும்போது அந்த வாதம் நடந்தால் டெமரேஜ், அதாவது தாமதக் கட்டணம், உங்கள் கணக்கில் ஏறும்.

அதனால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 2017-ல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமைப்படுத்தல் ஒப்பந்தத்தில் இதற்கு வழி இருக்கிறது. பொருளின் விவரத்தையும் மாதிரியையும் கொடுத்து விண்ணப்பித்தால், சுங்கத்துறை எந்த எண் என்று எழுத்தில் முடிவு சொல்லும். நீங்கள் சொன்ன விவரம் உண்மையாக இருக்கும்வரை அந்த முடிவு அவர்களையும் கட்டுப்படுத்தும். உங்கள் நாட்டில் இந்த வசதி எந்த அளவுக்கு இருக்கிறது என்று சுங்க வேலைகளை முடித்துத் தரும் நல்ல கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் கேளுங்கள்.

எண் கிடைத்ததும் லைசென்ஸ், கோட்டா பற்றிக் கேளுங்கள். கோட்டா என்றால் இந்த ஆண்டு எவ்வளவு மீதி இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கப்பல் வந்து சேர்வதற்குள் அது தீர்ந்துபோகலாம். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் இருந்தால், லைசென்ஸ் இல்லாமல் வங்கி பணத்தையே அனுப்பாமல் போகலாம்.

பேட்டரியை மறந்துவிடாதீர்கள். லித்தியம் பேட்டரி என்றால், அதைப் பாதுகாப்பாக அனுப்பலாம் என்று காட்டும் யு.என். 38.3 சோதனை அறிக்கையை விற்பவரிடம் இப்போதே கேளுங்கள். தரத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

சரக்கு அலுவலகத்தில் நான் வேலை பார்த்தபோது ஒரு கண்டெய்னர் நின்றுபோனது இன்றும் மனதில் இருக்கிறது. உள்ளே இருந்த பொருளில் ஒரு குறையும் இல்லை. அடியில் வைத்திருந்த மரப் பலகைகளில், மரப் பொதிகளுக்கான சர்வதேச விதியான ஐ.எஸ்.பி.எம். 15-இன் முத்திரை இல்லை, அவ்வளவுதான். மரத்தின் உள்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கினார்கள், அல்லது அங்கீகரித்த வேறு முறையில் பூச்சி நீக்கினார்கள் என்பதற்கு அந்த முத்திரைதான் சான்று. முதல் சரக்கு அது, அந்த மனிதர் அதோடு தொழிலை விட்டுவிட்டார். எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.

உங்கள் நண்பர் சொல்லும் வழிக்குப் போகவே கூடாது. பொருளை மாற்றி எழுதுவது பொய் அறிவிப்பு. பிடிபட்டால் சரக்கு பறிமுதலாகலாம், அபராதமோ வழக்கோ வரலாம். வெளிநாட்டுக்காரரான உங்கள் விசாவையும் அது பாதிக்கலாம். லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தால் ஆவணப்படி இறக்குமதியாளர் அவர்தான். உங்கள் பணத்தில் வந்த சரக்கை உங்களுடையது என்று நிரூபிப்பதே கஷ்டமாகிவிடும்.

வேலையை இப்போது விட வேண்டாம். வேலை விசாவில் இருப்பவர் சொந்தத் தொழில் செய்யப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை, அதை முதலில் பாருங்கள். சுங்கத்துறை முடிவும் லைசென்ஸும் கைக்கு வரும்வரை சம்பளம் வந்துகொண்டிருக்கட்டும். அப்புறம் ஒரு சிறிய சரக்கை மட்டும், எல்லா ஆவணங்களோடும் உங்கள் பெயரிலேயே கொண்டு வந்து பாருங்கள். எந்த எண் கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்