கேமரா 12, நிலவரம் பூஜ்யம்: வாசகர் கேள்வி பதில்

எங்கள் தெரு சங்கத்தில் பணம் வசூலித்து 12 கேமரா போட்டோம். போன தீபாவளியன்று பக்கத்துக் குடோன் தீப்பிடித்தபோது ஒன்றும் உதவவில்லை. தீயணைப்பு வண்டி தப்பான சந்தில் நுழைந்து, ரிவர்ஸ் எடுக்கவே கால் மணி நேரம் போச்சு. இன்னும் நாலு கேமரா வாங்கலாமா?
*வாசகர், சத்துவாச்சாரி*

வேண்டாம். முதலில், இருக்கிற 12 கேமராவும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று ஒரு சாயங்காலம் நடந்து பாருங்கள். முக்கால்வாசி, பணம் கொடுத்தவர்கள் வீட்டு கேட்டையும் காரையும்தான் பார்த்துக்கொண்டிருக்கும், நான் போய்ப் பார்த்த சங்கங்களில் எல்லாம் இதே கதைதான். திருடனைப் பிடிக்க அது போதும். தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரிய வேண்டியது வேறு: எந்த முனையில் திரும்பலாம், அங்கே யார் காரை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார், கம்பி தாழ்வாகத் தொங்குகிறதா, புகை எந்த மாடியிலிருந்து வருகிறது. வண்டியே கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர் அகலம். நம்ம ஊர்ச் சந்தில் இரண்டு பைக் எதிரெதிரே ஸ்டாண்ட் போட்டு நின்றாலே போதும், வழி அடைபட்டுவிடும்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கண்காணிப்புக் கேமராக்களுக்கான ஐ.இ.சி. 62676 என்ற சர்வதேசத் தர விதியில், முன்பின் தெரியாத ஒருவரை முகம் பார்த்து இன்னார் என்று சொல்ல, படத்தில் தெரியும் இடத்தின் ஒவ்வொரு மீட்டர் அகலத்துக்கும் 250 பிக்ஸல், அதாவது படப் புள்ளி, கேட்கிறார்கள். ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று தெரிய 25 போதும். சாதாரண 2 மெகாபிக்ஸல் கேமராவில் குறுக்கே 1920 பிக்ஸல். வகுத்துப் பாருங்கள், முகத்துக்கு ஏழரை மீட்டர் அகலம்தான் கிடைக்கும், நடமாட்டத்துக்கு 76 மீட்டர் வரை. ஒரே கேமராவில் இரண்டையும் கேட்டால் இரண்டும் அரைகுறை. அதனால் மூன்று கேமராவை எடுத்து, தெருவின் இரண்டு முனைக்கும் நடு முச்சந்திக்கும் அகலமாகத் திருப்பி வையுங்கள். தன் கேட் தெரியாமல் போகிறதே என்று மூன்று பேர் முகத்தைத் தூக்குவார்கள், காபி வாங்கிக் கொடுத்துச் சமாளியுங்கள்.

அப்புறம் பெயர். ரெக்கார்டரில் வாங்கியபடியே 'கேமரா 05' என்று இருக்கும். 05 எது என்று மாட்டிக் கொடுத்த பையனுக்கு மட்டும்தான் தெரியும், அவன் இந்நேரம் ஓசூரில் வேலையில் இருப்பான், பாஸ்வேர்டும் அவனோடு போயிருக்கும். 'பிள்ளையார் கோயில் முனை, கிழக்கே' என்று மாற்றி எழுத எவ்வளவு நேரம் ஆகப் போகிறது?

பலரும் மறப்பது கரண்ட். தீ என்றதும் அந்தப் பகுதிக்குக் கரண்டை நிறுத்திவிடுவார்கள், சரியான வேலைதான். ஆனால் அந்த நொடியே உங்கள் கேமரா எல்லாம் கண்ணை மூடிவிடும். தீபாவளியன்று அதுவும் நடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யு.பி.எஸ். அரை மணி தாங்கினால் பெரிது. 150 ஏ.எச். பேட்டரி வைத்த இன்வெர்ட்டரில் ரெக்கார்டர், கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கிற ஸ்விட்ச், இன்டர்நெட் மோடம் எல்லாவற்றையும் மாட்டுங்கள். மொத்தம் 100 வாட் என்றால் பத்து மணி நேரத்துக்குமேல் ஓடும். மோடத்தை விட்டுவிட்டால் படம் பெட்டிக்குள் பத்திரமாகப் பதிவாகும், வெளியே ஒருவருக்கும் தெரியாது.

தீயணைப்பு ஸ்டேஷனில் யாரும் உங்கள் தெருவை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 101க்கோ 112க்கோ கூப்பிடுகிறவர் செல்போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "மேற்கு முனையில் லாரி நிற்குது, பிள்ளையார் கோயில் பக்கமா வாங்க" என்று சொன்னாலே உங்கள் கால் மணி நேரம் மிச்சம். அப்படிப் பார்க்கிற நாலு பேரை இப்போதே முடிவு செய்யுங்கள். அதில் ஒருவராவது பகலில் வீட்டில் இருக்கிற அம்மாவாக இருக்கட்டும், செயலாளர் அந்த நேரம் பார்த்து பேங்கில் இருப்பார்.

பாலாற்று வெள்ளத்தைப் பார்க்கக் கேமரா வைக்க ஊரில் பேசுகிறோம். ஆனால் தெருவில் ஏற்கெனவே உள்ள கேமராவில் ராத்திரி எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிகிறது. ஆற்றுக்கு இது சரிப்படுமா?
*வாசகர், விரிஞ்சிபுரம்*

வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் சிலந்தி வலை. ராத்திரியில் கேமரா விடுகிற, நம் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சம் லென்ஸுக்கு முன்னால் உள்ள வலையில் பட்டு அப்படியே திரும்பி வரும். மாதம் ஒரு முறை ஒட்டடைக் குச்சியால் தட்டினால் சரியாகிவிடும். அந்த வெளிச்சம் சாதாரணக் கேமராவில் 30 மீட்டர் போனால் அதிகம், பாலாற்றின் அகலத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆற்றைப் பார்க்க வைக்காதீர்கள், பாலத்துத் தூணைப் பார்க்க வையுங்கள். தூணில் மீட்டர் அளவு பெயின்டில் எழுதி, மேலே ஒரு விளக்கு போட்டால் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ராத்திரியிலும் சொல்லலாம்.

ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் ஊர்க் கேமரா காட்டும்போது வெள்ளம் உங்கள் ஊருக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். மோர்தானா அணை நிரம்பி வழிந்தால் கௌண்டன்யா ஆற்றுத் தண்ணீர் குடியாத்தம் வழியாகத்தான் பாலாற்றுக்கு வரும். 2021 நவம்பரில் பார்த்தோமே. குடியாத்தம் பக்கம் படம் அனுப்பக்கூடிய ஒருவர் இருந்தால் அது உங்கள் கேமராவைவிட மேல். ரெக்கார்டரைத் தகரப் பெட்டியில் வெயிலில் வைக்காதீர்கள், சித்திரையில் நம்ம ஊர் 40 டிகிரியைத் தாண்டும், பெட்டிக்குள் அதற்கும் மேலே, ஹார்ட் டிஸ்க் வைகாசியைப் பார்க்காது.

பாதுகாப்புக்கு என்று சொல்லி எதிர்வீட்டு அண்ணன் வைத்த கேமரா எங்கள் துணி துவைக்கிற இடத்தைப் பார்க்கிறது. கேட்டால் சண்டை வருமோ என்று பயம்.
*வாசகி, குடியாத்தம்*

கேமராவை எடுக்கச் சொல்லாதீர்கள், சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். பெரும்பாலான கேமராவில் வேண்டாத பகுதியைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைக்கிற வசதி செட்டிங்கிலேயே இருக்கிறது, "அண்ணா, எங்க பக்கம் மட்டும் மறைச்சிடுங்க" என்று கேளுங்கள். தெரு தெரியும், உங்கள் வீடு தெரியாது.

புகையைப் பார்த்துத் தானே எச்சரிக்கை கொடுக்கும் ஏ.ஐ. கேமரா வாங்கலாமா?
*வாசகர், காட்பாடி*

வாங்குங்கள், ஆனால் அதை நேரடியாக 101க்கு இணைக்காதீர்கள். கொசுப் புகை வண்டி, குப்பை எரிக்கிற ஆள், போகிப் பண்டிகை எல்லாமே அதற்குத் தீதான். எச்சரிக்கை முதலில் உங்களில் ஒருவர் போனுக்கு வரட்டும், பார்த்துவிட்டு அவர் கூப்பிடட்டும்.